புதன்கிழமை மதியம் இரண்டு மணி நேரம்

போன மாதம் எங்கள் சங்கத்தின் செயலவைக் கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். புதன்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நூலகத்தைச் சாத்திவிட்டு, நானும் உதவிக்கு வரும் பிள்ளையும் நூலக வேலை பற்றிய இயங்கலைப் பாடம் பார்க்க வேண்டும். காசு கேட்கவில்லை. பாடம் இலவசம். அதற்கே ஒருவர், "அதையெல்லாம் வீட்டில் ராத்திரி பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்றார். இன்னொருவர், "யூடியூப்பில்தான் எல்லாம் இருக்கிறதே அக்கா" என்றார். அடுத்த விஷயம் தீபாவளி உபசரிப்புக்கு நாற்காலி வாடகை. அதற்கு முக்கால் மணி நேரம் பேசினோம்.

கூட்டத்தில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் சங்க நூலகம். நாலாயிரம் சொச்சம் புத்தகம், இரண்டு மின்விசிறி, மூச்சு வாங்கும் ஒரு கணினி. நான் யூஐடிஎம் பல்கலைக்கழகம் போய் நூலகத்துறை படித்தவள் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். கணக்கு தெரிந்தவளுக்குப் புத்தகம் எண்ணத் தெரியாதா என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சின்ன நூலகங்களில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டில் முடங்கியபோதுதான் வெப்ஜங்ஷன் என்ற நூலகர்களுக்கான இணையப் பாடத் தளம் கண்ணில் பட்டது. ஓசிஎல்சி என்ற அமெரிக்க நூலகக் கூட்டுறவு அமைப்பு 2003இல் தொடங்கிய தளம் அது. பேர் பதிந்தால் போதும், பாடம் திறக்கும். ஆர்வக்கோளாறில் நேரலை ஒன்றுக்குப் பதிந்துவிட்டேன். அவர்களுக்கு மதியம் மூன்று மணி. அவர்களுடைய கோடையில் கிழக்குக் கரைக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்பது அப்புறம்தான் உறைத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, புத்தக அடுக்கு பற்றிக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போனேன். பதிவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது மறுநாள்தான் தெரியும்.

அதனால்தான் 'ராத்திரி பார்த்துக்கொள்' என்றால் எனக்குச் சுருக்கென்கிறது. தூக்கக் கலக்கத்தில் பாடத்தைக் கேட்கலாம். அதனோடு சண்டை போட முடியாது. எங்களுக்கு வேண்டியது அந்தச் சண்டைதான்.

களையெடுப்பைச் சொல்கிறேன். பயன்படாத புத்தகத்தை அடுக்கிலிருந்து எடுப்பதற்கு டெக்சஸ் மாநில நூலகத்துக்காரர்கள் வகுத்த முறை ஒன்று உண்டு. தகவல் தப்பா, கிழிந்து அசிங்கமாகிவிட்டதா, புதிய பதிப்பு வந்துவிட்டதா, ஆழமில்லாததா, நம் வாசகர்களுக்குத் தேவையில்லாததா, வேறு எங்காவது எளிதில் கிடைக்குமா என்று ஆறு கேள்வி கேட்கச் சொல்வார்கள். முதலில் இனித்தது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வை எடுத்தே சில வருடம் ஆகிவிட்டது. அதன் பயிற்சிப் புத்தகம் மட்டும் எங்களிடம் மூன்று பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். விண்டோஸ் 98 கையேடு, போட்டேன்.

அப்புறம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேக மலர் கைக்கு வந்தது. அட்டை இல்லை, தாள் பொடிகிறது, யாரும் இரவல் வாங்கிய அடையாளமே இல்லை. அசிங்கம், தேவையில்லாதது என்று இரண்டு கேள்வியில் தோற்றாயிற்று. பெட்டியில் போடப் போனேன். கூட இருந்த பிள்ளை, "ஆன்ட்டி, கடைசிக் கேள்வி கேட்கலையே" என்றாள். வேறு எங்கே கிடைக்கும்? அந்தத் தோட்டமே இப்போது இல்லை, வீட்டு மனையாகிவிட்டது. கங்காணி முதல் பால் வெட்டினவர் வரை நன்கொடை கொடுத்தவர்கள் பேர் இரண்டு பக்கத்துக்கு அதில் இருக்கிறது. டெக்சஸில் ஒரு பிரதி கிழிந்தால் பக்கத்து ஊரிலிருந்து வரவழைப்பார்கள். நமக்கு அந்தப் பக்கத்து ஊர் கிடையாது. அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, மலேசியாவில் அச்சானது எதுவானாலும் கிழிசலைப் பார்த்து எறிவதில்லை என்று எங்களுக்கென்று ஒரு விதி எழுதி அலமாரியில் ஒட்டினோம். நிறுத்திப் பேச ஆளும் பக்கத்தில் அலமாரியும் இருந்ததால் நடந்தது. வீட்டுச் சோபாவில் இது நடந்திருக்காது.

அந்த மலரை இராமபாணப் பூச்சியும் ஒரு கை பார்த்திருந்தது. அதற்கும் பாடத்தில் வழி இருந்தது. புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, இறுக மூடி உறைபெட்டியில் வைக்க வேண்டும். வீட்டுப் பெட்டி என்பதால் இரண்டு வாரம் வைத்தேன். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே வெளியில் கிடந்தால், வியர்ப்பது பைக்கு வெளியேதான் வியர்க்கும், தாள் நனையாது. நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கும்பாபிஷேக மலரைப் பார்த்த என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை மட்டும் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டார்.

ஈரப்பதத்தை 65 விழுக்காட்டுக்குக் கீழே வை என்பார்கள், இல்லையென்றால் பூஞ்சணம். பினாங்கில் மழை நாளில் சுவரே வியர்க்கும். பொருளாளரிடம் ஈரம் உறிஞ்சும் கருவி, அதற்கு இருபத்து நான்கு மணி நேர மின்கட்டணம் என்று நான் வாயைத் திறக்கவே இல்லை. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தோம். முடிந்தது அவ்வளவுதான்.

எழுத்தாளர் பேர் இன்னும் தீராத தலைவலி. பாடத்தில் குடும்பப் பெயரை முன்னால் போட்டு ஒரு காற்புள்ளி வைப்பார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? இருப்பது அப்பாவின் முதலெழுத்து. எங்கள் கணினியில் ஒரே எழுத்தாளர் நான்கு ஆளாக உட்கார்ந்திருக்கிறார், தமிழில் இரண்டு, ஆங்கிலத்தில் இரண்டு. புத்தகத்தைப் பொருள் வாரியாக அடுக்க உதவும் டியூவி எண் வேறு, தமிழ்ப் புனைகதை மொத்தத்துக்கும் 894.8113. எங்கள் அடுக்கில் பாதி அந்த ஒரே எண்ணில் நிற்கிறது. வாசகர் நேரத்தைச் சேமி என்று நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931இலேயே நான்காவது விதியாக எழுதிவைத்தார். எங்கள் வாசகர் நான்கு இடத்தில் தேடுகிறார். இதற்கு அமெரிக்கப் பாடம் பதில் சொல்லாது. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சங்க நூலகம் வைத்திருப்பவர்கள், தமிழ்ப்பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் சேர்ந்து அரை மணி நேரம் தமிழில் பேசிப் பதிவு செய்தால் தீர்ந்துவிடும். யாராவது தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன்.

ஒன்று கவனித்தேன். அமெரிக்காவில் சில மாநிலங்களில் பொது நூலகர்கள் குறிப்பிட்ட மணி நேரம் படித்துக் காட்டினால்தான் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க முடியும். அங்கே படிப்பு வேலையின் பகுதி. இங்கே பாடம் முடிந்து வரும் சான்றிதழை அச்செடுத்துப் போனேன், செயலவையில் கைதட்டினார்கள். படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றார்கள். சான்றிதழுக்கு இருக்கும் மரியாதை அதற்கான நேரத்துக்கு இல்லை.

கடைசியில் மூன்று மாதம் சோதனையாகப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். முதல் புதன் கதவைச் சாத்தப் போனால், தினமும் பேப்பர் படிக்க வரும் தாத்தா எழுந்திருக்கவில்லை. "நீங்க பாருங்கம்மா, நான் ஓரமா இருக்கேன்" என்றார். பாதியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்த வெள்ளைக்காரம்மா இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்டார். பிள்ளை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

புதன்கிழமை வருபவர்கள் இனி நான்கு மணிக்கு மேல் வாருங்கள். முன்னாலேயே வந்தால் கதவைத் தட்டுங்கள், நாற்காலி இருக்கிறது.