ஆக்ஸ்ஃபோர்டு டோடோ தீயில் எரிக்கப்படவில்லை

"1755-இல் பாடம் செய்த கடைசி டோடோவை அருங்காட்சியகமே தீயில் வீசியது, யாரோ ஒருவர் பாய்ந்து தலையையும் காலையும் மீட்டார்" என்ற தகவல் படத்துடன் சுற்றுகிறது. தீ என்பது பின்னாளில் சேர்ந்த கற்பனை.

டோடோ, இன்று அழிந்துபோன, பறக்காத பறவை. லண்டன் லாம்பெத்தில் டிரேட்ஸ்கன்ட் குடும்பம் தன் சேகரிப்பில் வைத்திருந்த டோடோ இது. அந்தச் சேகரிப்பின் 1656-ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே, மொரீஷியஸிலிருந்து வந்தது, உடல் பெரிதென்பதால் பறக்காது என்ற குறிப்பு இருக்கிறது. 1683-இல் ஆக்ஸ்ஃபோர்டில் திறந்த ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு அந்தச் சேகரிப்பு போனது. அதன் விதி தெளிவானது: கெட்டுப்போகும் பொருளை அகற்றி, வேறொன்றை வைக்கலாம். 1755-இல் நடந்தது அந்த அகற்றல்தான். தலையும் ஒரு காலும் வேண்டுமென்றே எடுத்துவைக்கப்பட்டன.

ஏன் கெட்டது? தோலில் கொழுப்பு மிஞ்சினால் அது ஊறி நாறும். தோல்வண்டின் புழுக்கள் இறகின் அடியையும் தோலையும் தின்னும், இறகு உதிரும். அதைத் தடுத்த ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த சோப்பின் செய்முறை, பிரெஞ்சுக்காரர் பெகூர் 1777-இல் இறந்த பிறகே அச்சில் வந்தது. நூறாண்டு தாங்கியதே பெரிது!

அந்தத் தலையில் இன்றும் தோல் இருக்கிறது. டோடோவின் மென்திசு வேறெங்கும் மிஞ்சவில்லை. அதன் டிஎன்ஏ, உயிரோடுள்ள நெருங்கிய உறவாக நிக்கோபார் புறாவைக் காட்டியது. 2018-இல் வெளியான ஸ்கேன் முடிவில் பின்தலையில் ஈயக் குண்டுகள் தெரிந்தன.

பகிரப்படும் படத்திலுள்ள முழு 'டோடோ' வேறு பறவைகளின் இறகு ஒட்டிய மாதிரி உருவம்.