பள்ளி நூலகத்துக்கு வரும் நூல்களும் வெளியேற வேண்டிய நூல்களும்

வீட்டை ஒழிக்கும்போது கழித்துப்போடும் புத்தகங்களை மூட்டை கட்டி அருகிலுள்ள அரசுப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதை நூல் கொடை என்று படத்துடன் பதிவிடும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. கொடுப்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தம் பிள்ளையின் கையில் கொடுக்கத் தயங்கும் நூலை ஊரார் பிள்ளைக்குக் கொடுப்பதைக் கொடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்படி வந்து சேர்பவை எவை என்பதை அறிய, பள்ளியின் நூலக பீரோவைத் திறந்து பார்த்தால் போதும். 2018-19இல் தொடங்கிப் பாடநூல்கள் மாற்றப்பட்டுவிட்ட பின்னும் பழைய பாடத்திட்டத்துக்கான கைடுகள், விடைகள் பேனாவால் வட்டமிடப்பட்ட போட்டித் தேர்வு வினா வங்கிகள், யாரோ ஒருவரின் மணிவிழா மலர், முதலிரண்டு பாகங்கள் இல்லாத நாவலின் மூன்றாம் பாகம். இவையாவது வெறுமனே இடத்தை அடைக்கின்றன. பொது அறிவு நூல்களோ தவறாகக் கற்பிக்கின்றன. சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்று ஒரு பக்கம் சொல்லும். புளூட்டோ அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2006இல். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று மற்றொரு பக்கம் சொல்லும். இன்று இருப்பவை 38. 2014இல் பிறந்த தெலங்கானா அதன் வரைபடத்தில் இருக்காது. வினாடி வினாவுக்காக இதை மனப்பாடம் செய்யும் ஆறாம் வகுப்புப் பிள்ளை, அச்சில் இருப்பது தவறாக இருக்கும் என்று எப்படி நினைக்கும்?

பழைய நூல் வேறு, காலாவதியான நூல் வேறு என்பதை இங்கே வலியுறுத்திச் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான கதைநூலில் 'லை', 'னை' போன்றவை யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய கொம்புடன் இருக்கும் என்பதற்காக அதைக் கழிக்கத் தேவையில்லை. ஆசிரியர் ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் புதிர் விடுவிப்பதைப் போல ஆர்வத்துடன் படித்துவிடுவார்கள். பத்தாண்டுகளுக்கு முன் வந்த கணினி நூல்தான் அதைவிட வேகமாகக் கிழடாகிவிடுகிறது. அரிய பதிப்பு என்று தோன்றினால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் பள்ளிகள் ஏன் கழிப்பதில்லை? காரணம் இருப்புப் பதிவேடு. பல பள்ளிகளில் நூலகர் கிடையாது. ஏதோ ஒரு பாட ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். பதிவேட்டில் ஏறிவிட்ட நூல் குறைந்தால் தணிக்கையில் கேள்வி வரும், பணிமாறுதலின்போதோ ஓய்வுபெறும்போதோ பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்ற அச்சம் அவருக்கு. ஆகவே இராமபாணப் பூச்சி அரித்த நூலும் வரிசை எண்ணுடன் பத்திரமாகப் பூட்டப்படுகிறது; அதே பூட்டுக்குள் நல்ல நூலும் சிறைப்படுகிறது. இந்த அச்சத்தைக் குறை சொல்வது எளிது, அதற்கான காரணத்தை நீக்குவதுதான் அரசின் வேலை. நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், நூலகத்தில் வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஆண்டுக்கு ஐந்து காணாமற்போவதை, அதில் நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ இல்லாதவரை, இயல்பான இழப்பாகவே கருதுகின்றன. இழப்புக்கே இவ்வளவு இடம் உண்டென்றால், தலைமையாசிரியர், இரண்டு ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் ஆகியோர் கையொப்பமிட்டு ஆண்டுக்கொரு முறை கழிப்புப் பட்டியல் தயாரிப்பதை நடைமுறையாக்குவதில் என்ன தடை? சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் கடைசி விதி நூலகத்தை வளரும் உயிரி என்கிறது. வளரும் உயிர் புதியதை ஏற்பதோடு பழையதைக் கழிக்கவும் செய்யும் என்று அவரே விளக்கியும் இருக்கிறார்.

கொடையைப் பொறுத்தவரை, பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. 'தேவையானவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம், மற்றவற்றை எங்கள் விருப்பப்படி அப்புறப்படுத்துவோம்' என்று ஒரு வரி எழுதிக் கொடையாளரிடம் கையொப்பம் பெற்றுக்கொண்டால், முன்னாள் மாணவர் சங்கத்திடமோ ஊர்ப் பெரியவரிடமோ பின்னர் சங்கடப்பட வேண்டியிருக்காது. தேறாதவற்றைக் கிளை நூலகத்தின் தலையில் கட்டாமல் பழைய காகிதக் கடைக்கே அனுப்பலாம். கொடுக்க விரும்பும் நண்பர்கள் மூட்டையைத் தூக்குவதற்கு முன், எந்த வகுப்புக்கு என்ன நூல் வேண்டும் என்று பள்ளியிடம் ஒரு பட்டியல் கேளுங்கள். அதிலுள்ள நான்கு புதிய நூல்களை வாங்கிக் கொடுத்தாலும் போதும்.