'செட்' என்று மட்டும் எழுதி அனுப்பும் புண்ணியவான்களுக்கு

மொழிபெயர்க்கச் சொல்லி எனக்கு வரும் எக்ஸெல் கோப்பின் முதல் கட்டத்தில் 'செட்' (set) என்று ஓர் ஆங்கிலச் சொல். அடுத்த கட்டம் தமிழுக்காகக் காலி. விளக்கம் எழுத வேண்டிய மூன்றாவது கட்டமும் காலி. இது அடுப்பின் பொத்தானா, கைபேசியின் அலாரமா, டென்னிஸ் ஆட்டத்தின் சுற்றா, ஜெல்லி உறையும் பக்குவமா? எதுவும் தெரியாது. கேட்டு எழுதினால், மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் பதில் போடுகிறார்: "ஒரே ஒரு சொல்தானே, முடித்து அனுப்பிவிடுங்கள்."

ஒரே ஒரு சொல்லாம்! ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தபோது, இந்த ஒரே ஒரு வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள் இருந்தன. பதிவின் நீளம் ஏறத்தாழ 60,000 சொற்கள். அந்த அகராதியிலேயே மிக நீளமானது அதுதான். பிறகு அடுத்த பதிப்புக்காகத் திருத்தியபோது 'ரன்' 645 பொருள்களோடு அதை முந்திக்கொண்டது. அந்த மகராசன் வரும் கோப்பு தனிக் கதை, இன்னொரு நாள் அழுகிறேன். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பொருள் பிடிபடாமல் நழுவி வேலையைப் பெருக்கிய வினைச்சொற்களை முன்னுரையிலேயே வரிசையாகச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். 'செட்' அந்த வரிசையில் இருக்கிறது. ஜான்சனுக்கே மூச்சு முட்டிய சொல்லை, சொல்லுக்கு இத்தனை பைசா என்ற கணக்கில், மாலை ஐந்து மணிக்குள் நான் முடித்துக் கொடுக்க வேண்டும்.

பிறப்பில் சாதுவான சொல்தான். 'சிட்' என்றால் உட்கார். ஒன்றை உட்கார வைப்பது 'செட்'. நம் 'திருந்து', 'திருத்து' போல ஒரு ஜோடி. அடிப்படைப் பொருள் அவ்வளவுதான். ஆனால் எல்லாவற்றையும் உட்கார வைக்கப் பிறந்த அந்தச் சொல், தான் மட்டும் ஓர் இடத்தில் உட்காரவே இல்லை. பொழுது சாய்ந்தாலும் 'செட்', தயிர் உறைந்தாலும் 'செட்', காங்கிரீட் இறுகினாலும் 'செட்'. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, மோதிரத்தில் கல் பதிப்பது, எலிக்குப் பொறி வைப்பது, அச்சுக் கோப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, விலை நிர்ணயிப்பது, நாயை ஏவிவிடுவது, வைக்கோற்போருக்குத் தீ வைப்பது, எல்லாவற்றுக்கும் அதே மூன்று எழுத்து. இவை ஒவ்வொன்றுக்கும் தமிழில் சொல் தயாராக இருக்கிறது. எதைப் பற்றிய பேச்சு என்று சொன்னால் நொடியில் எடுத்துக் கொடுப்பேன். அதைத்தானே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்!

இதில் காலக் குழப்பம் வேறு. அன்று இறந்தகாலத்தைக் காட்ட 'செட்டெ' என்று ஒரு வால் இருந்தது. அது தேய்ந்து மறைந்துபோனதால் இன்று 'செய்' என்பதற்கும் 'செய்தாயிற்று' என்பதற்கும் ஒரே உருவம். கோப்பில் 'டைமர் செட்' என்று வருகிறது. நேரத்தை அமைக்கச் சொல்கிறதா, அமைத்தாகிவிட்டது என்று அறிவிக்கிறதா? 'அமைக்கவும்' என்று எழுதினால் ஒரு பொருள், 'அமைக்கப்பட்டது' என்று எழுதினால் வேறு பொருள். இரண்டுக்கும் பொதுவாக எழுதித் தப்பிக்கத் தமிழ் இடம் தராது. மாறிப்போனால், அடுப்பைத் தொடாமலேயே எல்லாம் முடிந்தது என்று ஒருவர் காத்திருப்பார்.

கூலிக் கணக்கைக் கேட்டால் வயிறு எரியும். ஒரு சொல் முதல்முறை வந்தால்தான் முழுக் கூலி. அதே சொல் மறுபடி வந்தால் 'திரும்ப வந்தது' என்று சொல்லிக் கழித்துவிடுகிறார்கள். அது மட்டுமா, முதல் இடத்தில் நான் எழுதியதை மென்பொருளே எடுத்து மற்ற எல்லா இடங்களிலும் ஒட்டிவிடுகிறது. அலாரத்துக்கு 'அமை' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், வானிலைத் திரையில் 'சூரியன்: உதயம் 6:05, அமை 6:20' என்று நிற்கிறது. சமையல் குறிப்பில் ஜெல்லியும் 'அமை'. தேடிப் பிடித்து அதை 'அஸ்தமனம்' என்றும் இதை 'உறையட்டும்' என்றும் மாற்றினால், தரச் சோதனையில் சிவப்புக் கோடு: ஒரே மூலச் சொல்லுக்கு வெவ்வேறு மொழிபெயர்ப்பாம், சீர்மை இல்லையாம், மதிப்பெண் குறைப்பாம். சரியாகச் செய்தால் தண்டனை என்கிற இந்த நியாயத்தை எந்த ஊரில் கற்றுக்கொண்டீர்கள்?

'செட்' என்றே தமிழில் எழுதிவிடலாமே, செட் தோசை, பம்புசெட் எல்லாம் மக்களுக்குப் பழக்கம்தானே என்று ஒரு மேதாவி யோசனை சொன்னார். ஐயா, தொகுதி என்ற பொருளில் வரும் அந்தப் பெயர்ச்சொல் லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்து இதனோடு கலந்தது. செட் தோசை தின்றவருக்கு எலும்பைச் சேர்த்துக் கட்டுவது எப்படிப் புரியும்?

உடனே இன்னொருவர் வருவார், தமிழில் 'போடு' இல்லையா என்று. இருக்கிறது. சட்டை போடலாம், சண்டை போடலாம், கையெழுத்துப் போடலாம், குட்டித் தூக்கமும் போடலாம். ஆனால் 'போடு' என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் கையில் திணித்து, மாலைக்குள் கொடுத்துவிடு என்று நான் யாரையும் மிரட்டியதில்லை.

நான் கேட்பது ஒரு ஸ்கிரீன்ஷாட். அது முடியாதென்றால் மூன்றாவது கட்டத்தில் 'அடுப்பு, பொத்தான்' என்று இரண்டு சொல். அதுவும் முடியாதென்றால், தமிழ் படிக்கச் சகிக்கவில்லை என்று வாடிக்கையாளர் எழுதும் புகாரை இனி எனக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவருக்கு அனுப்புங்கள்.