பேச்சுப் பயிற்சியாளருக்குப் பதிவு தேவையில்லையா?

கோத்தகிரியில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் பற்றிய பேச்சில், "இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் லைசென்ஸ் எதுவும் கிடையாது, சான்றிதழ் இருந்தால் போதும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதையே பகிர்கிறார்கள்.

அதில் பாதி சரி. மாநில அரசு இதற்குத் தனி உரிமம் தருவதில்லைதான். ஆனால் மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது: 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். செவித்திறன், பேச்சுப் பயிற்சி நிபுணர்கள், சிறப்பாசிரியர்கள், மருத்துவ உளவியலாளர்கள் எல்லாரும் அதன் மத்தியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் 13ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆயிரம் ரூபாய் இன்றைக்கு ஒரு தொகையா என்று கேட்காதீர்கள், சட்டம் எழுதிய காலம் அப்படி.) பிசியோதெரபிக்கு வேறு சட்டம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.

சரிபார்ப்பது சுலபம். பயிற்சியாளரிடம் சி.ஆர்.ஆர். எண்ணைக் (அந்த மத்தியப் பதிவேட்டில் அவருக்குள்ள பதிவு எண்) கேளுங்கள். முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார். கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, பெயரும் படிப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் செல்லுபடியாகும் தேதியையும் கவனியுங்கள். சுவரில் மாட்டிய ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழ் இந்தப் பதிவுக்கு ஈடாகாது.

வாராவாரம் மலையிறங்கிக் கோவைக்கு அலையாமல் உள்ளூரிலேயே ஒருவர் கிடைத்தால் நிம்மதிதான், எனக்கும் அது தெரியும். அவரிடம் அந்த எண்ணை மட்டும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.