முன்னால் அடுக்கியது ஒன்று, பையில் விழுவது வேறொன்று

கடந்த புதன்கிழமை சந்தையிலிருந்து இரண்டு கிலோ தட்டைப் பீச் பழங்களை வாங்கி வந்து சமையலறை மேசையில் கொட்டியபோது, பதினேழு பழங்களில் ஆறு பழங்கள் அடிப்பக்கம் கன்றிப்போய், விரல் பட்டாலே தோல் உரிந்து நீர் வடியும் நிலையில் இருந்தன. கடையின் முகப்பில் கோபுரம்போல் அடுக்கி வைத்திருந்த பழங்களில் ஒன்றுகூட அப்படி இல்லை. அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் நான் அங்கே போய் நின்றேன். விற்பவரோ அதைத் தொடவே இல்லை. தமக்குப் பின்னால் தரையில் இருந்த பெட்டியிலிருந்து, என் கண்ணுக்குத் தெரியாதபடி குனிந்து அள்ளிப் போட்டு, பையின் வாயை முடிச்சிட்டே என் கையில் கொடுத்தார். ஸ்பெயினின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஏழு ஆண்டுகளாக வாழ்ந்து, வாரந்தவறாமல் இந்தச் சந்தைக்குப் போய்வரும் எனக்கு இது முதல் முறை அன்று. இனியும் பொறுத்துக்கொண்டு வாய்மூடி இருக்க எனக்கு மனமில்லை.

இந்நாட்டில் பல ஊர்களிலும் வாரத்தில் ஒரு நாள், ஏதேனும் ஒரு தெருவையோ திடலையோ மறித்து, காலை ஒன்பது மணியளவில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணிக்குள் கலைந்துவிடும் சந்தை கூடும். அதை ‘மெர்காதியோ’ என்பார்கள். பழம், காய்கறி, ஆலிவ், உப்பிட்ட காட் மீன், துணிமணி, செருப்பு, மேசை விரிப்பு என எல்லாம் கிடைக்கும். பெரும்பாலும் வேலை நாளின் காலையில் கூடுவதால், அலுவலகம் போகிறவர்கள் விடுப்பு எடுத்தால்தான் அதைக் காணவே முடியும். ஒன்றரை மணிக்கே கூடாரக் கம்பிகளைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். அதுகூட எனக்குப் பெரிய குறை அன்று. இந்தச் சந்தையை நான் நேசிக்கிறேன். குளிர்காலத்தில் வலென்சியா ஆரஞ்சு, வசந்தத்தில் லோக்காட் என்னும் சிறு மஞ்சள் பழம், கோடையில் ‘தேரைத்தோல்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட பச்சை முலாம்பழம் எனப் பருவம் மாறுவதை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன். நேசிப்பதால்தான் இவ்வளவு வயிறு எரிகிறது.

சந்தையில் பழத்தைக் கையால் தொட்டுப் பொறுக்கக் கூடாது என்பது இங்கே எழுதப்பட்டும் எழுதப்படாமலும் உள்ள விதி. ‘தயவுசெய்து சரக்கைத் தொடாதீர்கள்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். தக்காளியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தும், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தும் வாங்கப் பழகிய எனக்கு முதல் சில மாதங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கடினமாகத்தான் இருந்தது. ஆனால் விதியின் நியாயத்தை ஒப்புக்கொண்டேன். நூறு கைகள் அமுக்கிய பீச் பழத்தை நூற்றியோராவது ஆள் ஏன் வாங்க வேண்டும்? நியாயம்தான். அப்படியானால், வாங்குபவரின் கையைக் கட்டிப்போட்ட பிறகு, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் விற்பவரின் கைக்குப் போகிறது அல்லவா? நான் தொடக்கூடாது என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்குமானால், நான் பார்த்த பழத்தையே எனக்குக் கொடுக்கும் கடமையும் அவருக்கு இருக்கிறது. அந்தக் கடமையைக் கைகழுவிவிட்டு, அழுகல் சரக்கைத் தெரியாதவர் தலையில் கட்டுவதற்கு அதே விதியைத் திரையாகப் பயன்படுத்துவதை என்னால் ஏற்கவே முடியாது. எனக்கு முன்னால் நின்ற உள்ளூர்ப் பாட்டி, “அது வேண்டாம், அதுவும் வேண்டாம், முன்னால் இருப்பதை எடு” என்று விரல் நீட்டிச் சொன்னபோது, அதே விற்பவர் மறுபேச்சின்றி முன்னால் இருந்ததை எடுத்தார். ஆக, எடுக்க முடியாமல் இல்லை. யாருக்கு எடுப்பது என்பதில்தான் கணக்கு.

அடுத்தது விலையும் எடையும். ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதை வாங்குபவர் கேட்காமலேயே பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். பழமும் காய்கறியும் எந்த நாட்டில் விளைந்தவை என்பதையும் எழுத வேண்டும். இது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான விதி. ஆனால் எங்கள் சந்தையில் பாதிப் பெட்டிகளில் விலைச்சீட்டே கிடையாது. சீட்டு இருக்கும் இடத்தில், ‘இரண்டு கிலோ மூன்று யூரோ’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு கிலோ என்ன விலை என்பது எங்கும் இருக்காது. இருவர் மட்டுமே உள்ள வீட்டில் இரண்டு கிலோ பீச் பழத்தை அழுகுவதற்குள் தின்று முடிப்பது எப்படி? ஒரு கிலோ மட்டும் போதும் என்றால், தராசில் ஒன்றே முக்கால் கிலோ ஏற்றிவிட்டு, “கொஞ்சம் கூடிவிட்டது, இருக்கட்டுமா?” என்று கேட்பார்கள். கேட்கும்போதே பை கட்டப்பட்டிருக்கும். பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை நம்பியே அந்தக் கை அள்ளுகிறது என்பதை எனக்குப் புரிந்துகொள்ளவே இரண்டு ஆண்டுகள் ஆயின. நான் கேட்டு வாங்காத முக்கால் கிலோவுக்கு நான்தானே காசு கொடுக்கிறேன்? அது கொசுறு அன்று, விற்பனை. தராசின் எண்கள் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தை மறைத்து பிளாஸ்டிக் பைக்கட்டு தொங்கும். தொகையை வாயால் சொல்வார்கள், ரசீது வராது.

வரிசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே ஒருவர் பின் ஒருவராக நிற்பதில்லை. கடைக்கு வருகிறவர், “கடைசி ஆள் யார்?” என்று பொருள்படும் “கியென் எஸ் எல் ஊல்திமோ?” என்று குரல் கொடுப்பார், யாரேனும் கை தூக்குவார், அவருக்கு அடுத்தது நாம் என்று நினைவில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், பக்கத்துக் கடையைக்கூடப் பார்த்துவிட்டு வரலாம். அருமையான வழக்கம், முதியவர்கள் நிழலில் போய் நிற்க முடிகிறது. ஆனால் இதை அறியாமல் புதிதாக வருகிறவர், கண்ணுக்குத் தெரியும் வரிசை இல்லையே என்று ஓரமாக நின்றால், நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். முதல் ஆண்டில் நான் ஒரு கடையின் முன் இருபது நிமிடங்கள் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த ஏழெட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் தங்கள் முறையைக் கேட்டுப் பெற்றவர்கள். என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருந்த விற்பவர், எல்லாரையும் ‘குவாப்பா’, ‘கரீன்யோ’ என்று அழகி, அன்பே எனக் கொஞ்சும் வாயால், “உங்கள் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா” என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைய அவமானம் இன்னும் என் மனத்தில் ஆறவில்லை.

வெளிநாட்டுப் பயணிகளுக்காக எழுதுகிறவர்கள் இந்தச் சந்தைகளை விவசாயிகள் தங்கள் தோட்டத்து விளைச்சலை நேரடியாகக் கொண்டு வரும் இடமாக வருணிப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. தோட்டத்திலிருந்து நேராகக் கொண்டு வருகிறவர்கள் சிலர் உண்டு. ஆனால் பல கடைக்காரர்கள் விடியுமுன்னே பெருநகர மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கெடுத்து வருகிறவர்கள். தலைநகர் மத்ரித் வட்டாரத்துக்கு மெர்காமத்ரித், பார்சிலோனாவுக்கு மெர்காபார்னா எனப் பெரிய மொத்தச் சந்தைகள் இதற்கென்றே இருக்கின்றன. அதில் தவறு ஏதும் இல்லை, நேர்மையான வியாபாரம்தான். பொய் சொல்வதுதான் தவறு. பிப்ரவரி மாதத்தில் ஒரு கடையில் தக்காளியைக் காட்டி, “தெல் தெர்ரேனோ”, அதாவது இந்த மண்ணில் விளைந்தது என்றார்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் வேறொரு நாட்டின் பெயர் அச்சாகி இருந்தது. சுட்டிக்காட்டியபோது, பெட்டி மட்டும்தான் அங்கிருந்து வந்தது என்றார்கள். மண்ணின் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை வாங்குகிறவர்கள், உண்மையிலேயே அந்த மண்ணில் முதுகு வளைத்து விளைவித்து, நான்கு கூடை கத்தரிக்காயுடன் சந்தையின் கோடியில் உட்கார்ந்திருக்கும் கிழவரின் வயிற்றில் அடிக்கிறார்கள்.

துணிக்கடைகளில் நடப்பது இன்னொரு அநியாயம். ‘எல்லாம் ஐந்து யூரோ’ என்று குவித்திருக்கும் மலையில் கைவிட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும். போட்டுப் பார்க்க இடம் கிடையாது. அளவு பொருந்தாவிட்டால் அது நம் பாடு. இதை அறிந்தே வாங்குகிறோம். நேரில் வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கட்டாயம் எந்தக் கடைக்கும் இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. கடை தானாக ஒப்புக்கொண்டால் உண்டு. ஆனால் குறையுள்ள பொருளின் கதை வேறு. 2022 ஜனவரி முதல் புதிய பொருள்களுக்கான சட்டப்படியான உத்தரவாதம் மூன்று ஆண்டுகள். சந்தையில் வாங்கினாலும் பெருங்கடையில் வாங்கினாலும் சட்டம் ஒன்றுதான். முதல் துவைப்பிலேயே தோள்தையல் முழுவதும் பிரிந்த மேல்சட்டையை அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு போனபோது, “சந்தை என்றால் சந்தைதான், மாற்றித் தருவதில்லை” என்று பதில் வந்தது. ரசீது இருக்கிறதா என்றும் கேட்டார்கள். ரசீதைக் கேட்டும் கொடுக்காதவர்களே மறுவாரம் ரசீது எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

பேரம் பேசச் சொல்லிக் கொடுக்கும் அறிவுரைகளாலும் புதியவர்கள் அவமானப்படுகிறார்கள். பேரத்துக்கு இடம் உண்டு. அது பழம்பொருள் சந்தைகளில். மத்ரித்தில் ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் ரிபெரா தெ குர்த்திதோரெஸ் தெருவின் சரிவில் கூடும் எல் ராஸ்த்ரோவில், பழைய கடிகாரத்துக்கும் விளக்குக்கும் விலை கேட்டுக் குறைத்துக் கேட்பது இயல்பு. (ராஸ்த்ரோ என்றால் தடம், அறுத்த கால்நடைகளைத் தோல் பதனிடும் இடங்களுக்கு இழுத்துச் சென்றபோது தெருவில் படிந்த இரத்தத் தடத்தால் வந்த பெயர் என்பார்கள், குர்த்திதோரெஸ் என்பதும் தோல் பதனிடுவோரையே குறிக்கும்.) அங்கே நண்பகலில் தோளோடு தோள் உரசும் நெரிசலில் பணப்பையைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்; பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனால் காய்கறிக் கடையில் கிலோ ஒன்றரை யூரோ வெங்காயத்துக்குப் பேரம் பேசுகிறவரை இங்கே யாரும் மதிப்பதில்லை. அதைச் சொல்லித் தராமல், ‘எங்கும் பேரம் பேசுங்கள்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

விற்பவர்களின் பாட்டை நான் அறியாதவள் அல்லள். இருளில் எழுந்து, சரக்கேற்றி, நகராட்சிக்குக் கட்டணம் கட்டி, வெயிலில் ஐந்து மணி நேரம் நின்று தொண்டை வறளக் கூவுகிறார்கள். மழை பெய்தால் அன்றைய வருமானமே இல்லை. ஆயினும் அதே வெயிலில், அதே கட்டணத்தைக் கட்டி, எங்கள் சந்தையில் ஆலிவ் விற்கும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு தொட்டியிலும் கோர்தால், மன்சனியா என்று வகைப் பெயரும் விலையும் எழுதியிருக்கும். தராசு நம்மைப் பார்த்தபடி நிற்கும். இருநூறு கிராம் கேட்டால் இருநூற்றுப் பத்தில் நிறுத்தி, கரண்டியால் இரண்டு காயைத் திரும்ப எடுப்பார். வாங்குவதற்கு முன் ஒன்றைச் சுவைக்கக் கொடுப்பார். அவரால் முடிவது பத்தடி தள்ளியிருக்கும் பழக்கடையால் ஏன் முடியாது?

ஆகவே இந்த முறை நான் வீட்டிலேயே புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. தெருவில் விற்பவர்கள் தங்கள் பெயரையும், நகராட்சி அனுமதியையும், புகார் அனுப்ப வேண்டிய முகவரியையும் வாங்குபவர் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்று சில்லறை வணிகச் சட்டம் சொல்கிறது. கன்றிய பழங்களை அதே பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அன்று கடை கலைவதற்குள் திரும்பிப் போய், இந்த விவரங்கள் உள்ள அட்டையைக் காட்டும்படி விற்பவரிடம் சொன்னேன். வண்டிக்குள் இருக்கிறது என்றார். புகார்ப் படிவம் கேட்டேன், தீர்ந்துவிட்டது என்றார். மறுநாள் நகராட்சியின் நுகர்வோர் அலுவலகத்துக்குப் போய், படங்களுடன் எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்று மீண்டும் புதன்கிழமை. அந்தக் கடையில் மூன்று பெட்டிகளுக்கு மட்டும் விலைச்சீட்டு முளைத்திருந்தது: உருளைக்கிழங்கு, வெங்காயம், தர்பூசணி. செர்ரிக்கு இல்லை, பீச் பழத்துக்கு இல்லை, பருவத்தின் முதல் அத்திக்கும் இல்லை. கடைசி ஆள் யார் என்று உரக்கக் கேட்டு, என் முறை வந்ததும், ஒவ்வொரு பெட்டியாகக் காட்டிக் கிலோ என்ன விலை, எங்கே விளைந்தது என்று கேட்கத் தொடங்கினேன். பின்னால் இருந்த இரு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள். நான்காவது கேள்வியில் அவர் பேனாவை எடுத்து, ஒரு அட்டைத் துண்டில் செர்ரியின் விலையை எழுதிப் பெட்டியில் செருகினார். அத்திப்பழம் கிலோ எவ்வளவு என்று அடுத்துக் கேட்டேன்.