சிறையிலிருந்து வந்த கேள்வி

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதலாம் ஆண்டில் அந்த ஞாயிற்றுக்கு நம் கத்தோலிக்கத் திருச்சபை தேர்ந்திருக்கும் நற்செய்தி (மத்தேயு 11), சிறையில் கிடக்கும் ஒருவரின் ஐயத்தைச் சொல்கிறது. யோர்தான் கரையில் இயேசுவை உலகுக்குச் சுட்டிக்காட்டிய அதே திருமுழுக்கு யோவான், ஏரோதின் சிறையிலிருந்து தம் சீடர்களை அனுப்பி, “வரவிருப்பவர் நீர்தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?” என்று கேட்கிறார்.

இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்வை பெறுவதையும், கால் ஊனமுற்றோர் நடப்பதையும், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுவதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். இறைவாக்கினர் எசாயாவின் சொற்களை எதிரொலிக்கும் அந்தப் பதிலில், அதே எசாயா 61ஆம் அதிகாரத்தில் சொல்லும் சிறைப்பட்டோரின் விடுதலை மட்டும் இல்லை. யோவான் அதைக் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவருக்குச் சிறைக்கதவு திறக்கவில்லை. ஆனால் சீடர்கள் திரும்பிப் போன பிறகு, பெண்களிடம் பிறந்தவர்களுள் அவரைவிடப் பெரியவர் தோன்றியதில்லை என்று இயேசு மக்களிடம் புகழ்கிறார். ஐயத்தோடு கேட்டவரைப் பற்றிய சாட்சியம் அது.

அடுத்த ஞாயிற்றின் முதல் வாசகத்தில் இதற்கு நேர்மாறான ஒருவர் வருகிறார். கி.மு. 735ஆம் ஆண்டளவில் அராமும் இஸ்ரயேலும் சேர்ந்து எருசலேமை மிரட்டியபோது, ஓர் அடையாளம் கேள் என்று ஆண்டவரே சொல்லியும், ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன் என்று மறுத்தார் எருசலேமில் ஆண்ட யூதாவின் அரசர் ஆகாசு. பக்தியான சொற்கள்தாம். ஆனால் அவர் நம்பியது அசீரியப் பேரரசரை. கோவிலின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அவருக்கே அனுப்பினார் என்கிறது அரசர்கள் இரண்டாம் நூல். கேள்வி கேட்காததால் ஒருவர் நம்பிக்கையுள்ளவர் ஆகிவிடுவதில்லை.

மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருக்கும் குடும்பத்திடமும், வேலை போன இளைஞரிடமும், “விசுவாசம் குறைந்துவிட்டது” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்பியம் என்னும் நம் பங்கின் சிறு குழுக் கூட்டங்களில் இதை நான் பலமுறை கேட்டு மனம் வருந்தியிருக்கிறேன். முடிவு நல்லபடியாக இருக்கும் என்ற உறுதியைத்தான் நாம் நம்பிக்கை என்று எண்ணுகிறோம்; முடிவு தெரியாதபோதும் கடவுளிடமே போய்க் கேட்பதை அப்படி எண்ணுவதில்லை.

1944ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்லினின் டேகெல் சிறையில், கைகள் விலங்கிடப்பட்ட நிலையில் திருவருகைக்காலச் சிந்தனைகளை எழுதினார் ஆல்ஃபிரட் டெல்ப் என்னும் இயேசு சபைக் குரு. ஹிட்லர் ஆட்சியின் மக்கள் நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொல்லும் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த மாதம் 8ஆம் நாள், அதே சிறையில், துறவு வாழ்வுக்குத் தம்மை முழுமையாக அர்ப்பணிக்கும் இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார். தூக்கிலிடப்பட்டது 1945 பிப்ரவரி 2 அன்று. முடிவை அறியாமலே தம்மைக் கையளித்தவர் அவர்.

அடுத்த முறை நம் அன்பியத்தில் யாராவது, “சாமி ஏன் இன்னும் கேட்கலை?” என்று அழுதால், அவருக்கு அறிவுரை சொல்ல எவரும் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மத்தேயு 11ஆம் அதிகாரத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். அவருடைய கேள்வியையே அன்றைய மன்றாட்டாக எல்லாரும் சொல்லுங்கள்.