கோட்டைக் கோயிலில் வழிபாடு உண்டு

வேலூரில் குடியேறலாமா, வெறுமனே சுற்றிப்பார்த்தால் போதுமா என்ற இந்த விவாதத்தில், கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மூலவர் இல்லை, அது வெறும் காட்சிக்கூடம் என்று ஒருவர் எழுதியதைப் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். ஊரைப் பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் விருப்பம்; இந்தத் தகவல் மட்டும் இன்றைய நிலைக்குப் பொருந்தாது.

‘நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்’ என்று எங்கள் ஊரைப் பற்றிய பழைய சொலவடை ஒன்று உண்டு. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்படி நினைப்பதில் வியப்பில்லை. நெடுங்காலம் கருவறை வெறுமையாக இருந்தது உண்மைதான். ஆனால் 1981 மார்ச் மாதத்தில், சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் கொண்டுவரப்பட்டு மீண்டும் நிறுவப்பட்டது. அன்றுமுதல் வழிபாடு நடந்து வருகிறது.

சரிபார்க்க நூலகத்தில் 1981 மார்ச் மாத நாளிதழ்களைப் புரட்டலாம். அதைவிட எளிது, காலையிலோ மாலையிலோ நேரில் வருவது. அகழியைக் கடந்து ராஜகோபுரத்தின் வழியே நுழைந்தால், பாயும் குதிரைகளும் யாளிகளும் செதுக்கப்பட்ட தூண்கள் நிற்கும் கல்யாண மண்டபம் இருக்கிறது (அங்கே சற்று நேரம் நின்று பாருங்கள், உளியின் நுட்பம் புகைப்படத்தில் பிடிபடாது). உள்ளே கருவறை முன் நின்றால், தீபாராதனை வெளிச்சத்தில் லிங்கத்தை நீங்களே காணலாம்.